சர்வரைக் கழற்றிய பிறகு நெட்வொர்க்கை மறுபடி ஓடவைப்பது எப்படி?

மண்டபம், பாம்பன், தொண்டி, கீழக்கரை என்று ராமநாதபுரம் கரையோரத்து மீன் கம்பெனிகள், லாட்ஜுகள், பள்ளி அலுவலகங்கள் பலவற்றில் மூலையில் பழைய சர்வர் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். உப்புக் காற்று கேபினெட்டைத் தின்று, ஃபேன் இரைச்சல் போட ஆரம்பித்ததும், "இதைத் தூக்கிவிட்டு ஒரு ரவுட்டரை வைத்துவிடலாம்" என்று முடிவு செய்வார்கள். தூக்குவது பத்து நிமிட வேலை. ஆனால் அந்த சர்வரின் முகவரி ஒவ்வொரு கணினியிலும், பிரின்டரிலும், கேமரா டிவிஆரிலும் பதிந்து கிடக்கிறது. அதைத் தேடிப் பிடித்து மாற்றுவதுதான் மீதி வேலை முழுவதும். எல்லாக் கோளாறும் அன்றைக்கே தெரிந்துவிடாது என்பதையும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சில கோளாறுகள் நான்கு நாள், எட்டு நாள் கழித்துத்தான் தலைகாட்டும்.

விளக்குவதற்கு வசதியாக ஓர் அமைப்பை வைத்துக்கொள்வோம். மண்டபத்தில் ஒரு மீன் கொள்முதல் அலுவலகம். 12 கணினி, 2 பிரின்டர், ஒரு விரல்ரேகை வருகைப்பதிவு மெஷின், ஒரு டிவிஆர். ஃபைபர் வந்து இறங்கும் ஓஎன்டி பெட்டியிலிருந்து சர்வரின் முதல் நெட்வொர்க் கார்டுக்கு ஒரு கேபிள். இரண்டாவது கார்டிலிருந்து 24 போர்ட் சுவிட்சுக்கு இன்னொரு கேபிள். சர்வரின் உள்பக்க முகவரி 192.168.1.10. கொஞ்சம் தள்ளி ஐஸ் பிளான்ட். அங்கே 192.168.2 வரிசையில் தனி நெட்வொர்க். வயர்லெஸ் பிரிட்ஜ் வழியாக அது அலுவலகத்துக்கு வருகிறது. அந்தப் பக்கத்து ரவுட்டருக்கு நம் சுவிட்ச் பக்கம் உள்ள முகவரி 192.168.1.250.

கட்டளைகளையும் இங்கே தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறோம். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

எட்டு நாள் முன்பே தொடங்க வேண்டியவை

நாள் பார்ப்பதும் இந்த வேலையில் ஒரு பகுதிதான். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. மீன் கம்பெனிக்கு அதைவிட நல்ல சமயம் வாய்க்காது. ராமேஸ்வரம் லாட்ஜ் என்றால் ஆடி அமாவாசை, தை அமாவாசை பக்கம் கையே வைக்காதீர்கள்.

முதலில் சர்வர் என்னென்ன வேலை பார்க்கிறது என்று கண்டுபிடியுங்கள். ஏதாவது ஒரு கணினியில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து 'ஐபிகான்ஃபிக் /ஆல்' கொடுங்கள். டீஃபால்ட் கேட்வே, டிஹெச்சிபி சர்வர், டிஎன்எஸ் சர்வர் என்ற மூன்று வரிகளையும் எழுதிக்கொள்ளுங்கள். மூன்றிலும் 192.168.1.10 இருந்தால், வெளியே போகும் வழி, முகவரி வழங்குவது, பெயரை முகவரியாக மாற்றுவது ஆகிய மூன்று பொறுப்பும் சர்வரிடம்தான் இருக்கிறது. அதே ஜன்னலில் 'நெட் யூஸ்' கொடுத்தால் எந்தெந்த டிரைவ் எழுத்து சர்வரின் எந்த ஃபோல்டருக்குப் போகிறது என்று தெரியும். 'ரூட் பிரின்ட்' கொடுத்து, அடியில் பெர்சிஸ்டென்ட் ரூட்ஸ் (நிரந்தரமாக எழுதி வைத்த வழிகள்) என்ற பகுதியில் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். 12 கணினியிலும் பார்க்க வேண்டும். ஒன்றில் பார்த்துவிட்டு மற்றவையும் அப்படித்தான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கணக்குப் பிரிவுக் கணினியில்தான் யாராவது எப்போதோ கையால் எதையாவது எழுதி வைத்திருப்பார்கள்.

சர்வரிலிருந்து எடுக்க வேண்டியவை: டிஹெச்சிபி வழங்கும் முகவரி வரம்பு, யாருக்காவது ஒதுக்கிய நிலையான முகவரிகள், ரூட் பட்டியல், வெளியிலிருந்து உள்ளே திருப்பிவிடும் போர்ட்டுகள் (வரும் தகவல் எந்த மென்பொருளுக்கு என்று காட்டும் எண்கள்). இணைய இணைப்பை சர்வரே டயல் செய்கிறது என்றால் அந்த பிபிபிஓஇ (டயல் செய்து இணையத்தில் நுழையும் முறை) யூசர் பெயரும் பாஸ்வேர்டும் கட்டாயம் வேண்டும். பாஸ்வேர்ட் திரையில் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். சர்வர் உயிரோடு இருக்கும்போதே இணைய நிறுவனத்தைக் கேட்டு வாங்கி வைத்துவிடுங்கள்.

டேலி கணக்கு மென்பொருளின் மல்டி-யூசர் லைசென்ஸ் அந்த சர்வரில் இருந்தால், கழற்றுவதற்கு முன் டேலிக்குள்ளேயே சரண்டர் செய்யுங்கள். இணையம் இருக்கும்போதே அதைச் செய்துவிடுங்கள். பிறகு புதிய கணினியில் ஆக்டிவேட் செய்யலாம். லைசென்ஸ் சர்வரின் வழக்கமான போர்ட் 9999. மற்ற கணினிகளின் டேலி அமைப்பில் பழைய பெயரும் இந்த எண்ணும் சேர்ந்து இருக்கும், அதையும் மாற்ற வேண்டும்.

கணினிகள் டொமைனில், அதாவது எல்லோருடைய நுழைவுக் கணக்கையும் சர்வரே வைத்திருக்கும் அமைப்பில், சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இந்த ஒரே சர்வர்தான் டொமைன் கன்ட்ரோலர் என்றால் வேலை கனமாகிவிடும். சர்வர் ஓடும்போதே ஒவ்வொரு கணினியிலும் உள்ளூர் அட்மின் கணக்கு ஒன்றைத் திறந்து, அதில் ஒரு தடவை நுழைந்து பார்த்து, அதன் பிறகே டொமைனிலிருந்து, ஒவ்வொரு கணினியும் தன் கணக்கைத் தானே வைத்துக்கொள்ளும் வொர்க்குரூப்புக்கு மாற்றுங்கள். சர்வரை எடுத்த பிறகும் பழைய பாஸ்வேர்ட் வேலை செய்வதைப் பார்த்து ஏமாற வேண்டாம். விண்டோஸ் கடைசியாக நுழைந்த 10 பேரின் அடையாளத்தை வழக்கமாகத் தன்னிடம் வைத்துக்கொள்ளும், அந்தத் தெம்பில்தான் ஓடும். பாஸ்வேர்டை மாற்ற வேண்டிய நாளில் கதவு சாத்திக்கொள்ளும்.

இனி லீஸ். விண்டோஸ் சர்வரின் டிஹெச்சிபி ஒரு முகவரியை வழக்கமாக 8 நாளுக்குக் கொடுக்கும். பாதிக் காலம், அதாவது 4 நாள் ஆனதும் கணினி அதைப் புதுப்பிக்கக் கேட்கும். பதில் வராவிட்டாலும் கவலைப்படாமல் ஓடும். 7-ஆம் நாள் எல்லோரையும் பார்த்துக் கேட்கும். 8-ஆம் நாள் முகவரியை விட்டுவிடும். அதனால்தான் திங்கட்கிழமை எடுத்த சர்வருக்கு அடுத்த திங்கட்கிழமை அழுகை கேட்கிறது. குறைந்தது எட்டு நாள் முன்பே லீஸ் காலத்தை 1 மணி நேரமாகக் குறைத்துவிட்டால் இந்தச் சிக்கல் வராது. முந்தின நாள் குறைத்தால் பலன் இல்லை, ஏனென்றால் புதிய கால அளவு கணினிக்குப் போய்ச் சேருவது அது புதுப்பிக்கும்போதுதான்.

ரவுட்டரைத் தனியாக உட்கார்த்தித் தயார் செய்யுங்கள்

புதிய ரவுட்டரை ஓடும் சுவிட்சில் செருகி அமைக்கக் கூடாது. அதற்குள்ளும் ஒரு டிஹெச்சிபி ஓடும். அரைமணியில் பாதி அலுவலகம் தப்பான முகவரி வாங்கிவிடும். மேசையில் ஒரு லேப்டாப்போடு மட்டும் இணைத்து அமையுங்கள்.

ரவுட்டருக்கு எந்த முகவரி? கேட்வே என்றால் கடைசி எண் 1 ஆகத்தான் இருக்க வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. சர்வரின் பழைய முகவரியான 192.168.1.10-ஐயே ரவுட்டருக்குக் கொடுங்கள், மாஸ்க் 255.255.255.0. கையால் முகவரி எழுதிய டிவிஆர், பிரின்டர், வருகைப்பதிவு மெஷின் எல்லாம் ஒன்றும் மாறாதது போலவே வெளியே போய் வரும். டிஎன்எஸ் ஆகவும் அந்த முகவரியையே நம்பியிருப்பவர்களுக்காக ரவுட்டரில் டிஎன்எஸ் ஃபார்வர்டிங் (பெயர்க் கேள்வியை வாங்கி வெளியே கேட்டுச் சொல்வது) இயக்கத்தில் இருக்க வேண்டும். மைக்ரோடிக் பிராண்ட் ரவுட்டர் என்றால் அதற்கான அனுமதிக் கட்டத்தைக் கையால் டிக் செய்து, இணையப் பக்கத்திலிருந்து வரும் 53-ஆம் போர்ட்டைத் தடுத்துவிடுங்கள்.

டிஹெச்சிபி வரம்பைப் பழைய இடத்திலேயே வைக்காதீர்கள். பழைய சர்வர் 100 முதல் 150 வரை கொடுத்துவந்தது என்றால் ரவுட்டரை 160 முதல் 220 வரை கொடுக்கச் சொல்லுங்கள். யார் யாரிடம் எந்த முகவரி இருக்கிறது என்ற பழைய பதிவேடு புதிய ரவுட்டரிடம் கிடையாது. 105-ஐ ஒரு கணினி இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும்போது அதையே இன்னொரு கைபேசிக்கும் கொடுத்துவிட வாய்ப்புண்டு. முதல் வாரம் லீஸ் 1 மணி நேரமாகவே இருக்கட்டும். எல்லாம் அடங்கியதும் 24 மணி நேரமாக்கலாம்.

ஓஎன்டி வெறும் பிரிட்ஜாக ஓடினால் ரவுட்டர்தான் பிபிபிஓஇ டயல் செய்ய வேண்டும். ஓஎன்டியே டயல் செய்கிறது என்றால் அதன் உள்முகவரியைப் பாருங்கள். பல ஓஎன்டிகள் 192.168.1.1 என்றுதான் வருகின்றன. ரவுட்டரின் முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே 192.168.1 வரிசையாகிவிட்டால், எந்தப் பக்கம் அனுப்புவது என்று அதற்குத் தெரியாது. ஓஎன்டியின் முகவரியை 192.168.100.1 என்பது போல வேறு வரிசைக்கு மாற்றிவிடுங்கள்.

பிபிபிஓஇ-க்கு 8 பைட் தலைப்பு கூடுதல் என்பதால் எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டில் (ஒரு தடவை அனுப்பும் தகவல் பொட்டலத்தில்) கொள்ளும் உச்ச அளவு, 1492 ஆக இருக்க வேண்டும். 1500 என்றே விட்டால் சில தளங்கள் திறக்கும், வங்கித் தளம் பாதியில் சுற்றிக்கொண்டே நிற்கும். ஒரு முகவரியிலிருந்து பதில் வருகிறதா என்று தட்டிப் பார்ப்பதுதான் பிங். 'பிங் -எஃப் -எல் 1464 1.1.1.1' கொடுத்துப் பாருங்கள். 1464-உடன் தலைப்பு 28 சேர்ந்தால் 1492. பதில் வந்தால் சரி. உடைக்க வேண்டும் என்ற செய்தி வந்தால் எண்ணைப் பத்துப் பத்தாகக் குறைத்து, பதில் வரும் அளவுடன் 28 கூட்டி அதையே எம்டியு ஆக எழுதுங்கள்.

கேபிள் முனையைப் பார்க்காமல் செருகாதீர்கள்

உள்நாட்டில் இந்த வேலை செய்து பழகியவர்கள் கரையோரத்தில் சறுக்கும் இடம் இது. சர்வரிலிருந்து பிடுங்கிய கேபிளின் ஆர்ஜே45 முனையை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். எட்டு ஊசித் தகடுகளும் மஞ்சளாக மின்ன வேண்டும். ஒன்றிரண்டில் கடுகளவு பச்சைக் களிம்பு தெரிந்தால் அது உப்புக் காற்றின் வேலை. பல வருஷம் அசையாமல் இருந்தவரை தொடர்பு கிடைத்திருக்கும். ஒருதடவை பிடுங்கிச் செருகியதும் களிம்பு இடையில் வந்து, 1000-இல் ஓடிய இணைப்பு 100-க்கு இறங்கும், இல்லாவிட்டால் நிமிடத்துக்கு ஒருதடவை விட்டுவிட்டு எரியும். நீங்கள் ரூட் அமைப்பைத் தப்பு என்று நினைத்துக் குடைந்துகொண்டிருப்பீர்கள்.

துடைத்து ஒப்பேற்ற வேண்டாம். முனையை இரண்டு அங்குலம் வெட்டிவிட்டுப் புதிதாக கிரிம்ப் செய்யுங்கள். வெட்டிய இடத்தில் கம்பி செம்பு நிறமாக இல்லாமல் வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியது. கடற்கரைக்கு அது தாங்காது, முழுக் கேபிளையும் மாற்றுங்கள். போர்ட்டின் உள்பக்கத்துக்குக் கான்டாக்ட் கிளீனர் அடித்து, காய்ந்த பிறகு செருகுங்கள். சுவிட்சில் காலியாக இருக்கும் போர்ட்டுகளுக்கு ரப்பர் மூடி போட்டுவிடுவது நல்லது.

மாற்றும் வேளை

சர்வரை முறையாக ஷட் டவுன் செய்து, இரண்டு கேபிளையும் எடுங்கள். ஓஎன்டியை அணைத்து 5 நிமிடம் விட்டுவிடுங்கள். சில இணைப்புகளில் மறுமுனை பழைய சர்வரின் மேக் முகவரியை, அதாவது நெட்வொர்க் கார்டுக்கே உரிய தனி எண்ணை, ஞாபகம் வைத்திருக்கும், அது மறக்க நேரம் கொடுக்க வேண்டும். அப்படியும் வராவிட்டால் சர்வர் கார்டின் மேக் முகவரியை ரவுட்டரின் வான் (இணையப் பக்க) போர்ட்டில் குளோன் செய்யலாம், அதாவது அதே எண்ணை நகலெடுத்துக் கொடுக்கலாம். பிறகு ஓஎன்டி, அதன் விளக்குகள் நிலையானதும் ரவுட்டர், கடைசியாக சுவிட்ச் என்ற வரிசையில் கரன்ட் கொடுங்கள்.

முதலில் ஒரே ஒரு கணினியில் சோதியுங்கள். ரீஸ்டார்ட் போதும் என்று விடாதீர்கள். லீஸ் மிச்சமிருக்கும்போது விண்டோஸ் பழைய கேட்வே முகவரியிலிருந்து பதில் கிடைத்தாலே பழைய விவரங்களோடு திருப்தியாகிவிடக்கூடும். 'ஐபிகான்ஃபிக் /ரிலீஸ்', 'ஐபிகான்ஃபிக் /ரினியூ', 'ஐபிகான்ஃபிக் /ஃப்ளஷ்டிஎன்எஸ்' மூன்றையும் வரிசையாகக் கொடுங்கள். அட்மினாகத் திறந்த ஜன்னலில் 'ஏஆர்பி -டி *' கொடுத்தால் 192.168.1.10 என்பதற்குப் பழைய கார்டின் மேக் முகவரி ஒட்டிக்கொண்டிருந்தால் அதுவும் போய்விடும்.

அடுத்து படிப்படியாக ஏறுங்கள். 160-க்கு மேல் முகவரி வந்ததா? 169.254 என்று தொடங்கும் முகவரி வந்தால் டிஹெச்சிபி யாரும் பதில் சொல்லவில்லை என்று பொருள். கேபிளையும் ரவுட்டரின் டிஹெச்சிபியையும் பாருங்கள். 192.168.1.10-க்கு பிங் போகிறதா? போகாவிட்டால் கோளாறு உள்ளேதான், ஓஎன்டியைத் தொடாதீர்கள். 8.8.8.8-க்கு பிங் போகிறதா? கேட்வே வரை போய் இது போகாவிட்டால் பிபிபிஓஇ டயல் ஆகவில்லை, அல்லது ரவுட்டரில் நாட் (உள்முகவரிகளை வெளிமுகவரியாக மாற்றி அனுப்புவது) இல்லை. இதுவும் போய், தளத்தின் பெயரைத் தட்டினால் மட்டும் திறக்கவில்லை என்றால் டிஎன்எஸ். 'என்எஸ்லுக்கப்' என்று தட்டினால் அந்தக் கணினி யாரிடம் பெயர் கேட்கிறது என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

எல்லா பிங்கும் சரி, பிரவுசர் மட்டும் திறக்கவில்லையா? பிரவுசருக்காக இணையத்துக்குப் போய் வரும் இடைத்தரகரான ப்ராக்ஸிதான் காரணம். பழைய சர்வர் 3128 அல்லது 8080 போர்ட்டில் ப்ராக்ஸியாக ஓடியிருக்கும். இன்டர்நெட் ஆப்ஷன்ஸ், கனெக்ஷன்ஸ், லேன் செட்டிங்ஸ் போய் அந்த டிக்கை எடுங்கள். விண்டோஸ் அப்டேட் மட்டும் அடம்பிடித்தால் 'நெட்எஸ்ஹெச் வின்ஹெச்டிடிபி ரீசெட் ப்ராக்ஸி' கொடுங்கள்.

இணையம் வந்தும் பிரின்டர் தெரியவில்லையா?

இது பலரை நாள் முழுவதும் அலைய வைக்கும். விண்டோஸ் ஒரு நெட்வொர்க்கை அடையாளம் வைத்துக்கொள்வதற்கு கேட்வேயின் மேக் முகவரியையும் பார்க்கிறது. நீங்கள் ஐபி முகவரியை அப்படியே வைத்தாலும் பெட்டி மாறியதால் மேக் மாறிவிட்டது. கணினி "இது புது இடம்" என்று முடிவு செய்து, நெட்வொர்க்கை பப்ளிக் வகையில் போட்டுவிடும். அந்த வகையில் ஃபயர்வால் (கணினியின் காவல் மென்பொருள்) ஃபைல் பகிர்வையும் பிரின்டர் பகிர்வையும் அடைத்துவிடும், வெளியிலிருந்து வரும் பிங்குக்கும் பதில் சொல்லாது. ஆனால் இணையம் ஜம்மென்று ஓடும்.

செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய், இணைப்பின் விவரத்தில் பப்ளிக் என்பதை பிரைவேட் ஆக்குங்கள். பகிர்வு கொடுக்கும் கணினியில்தான் இது முக்கியம், அங்கே முதலில் செய்யுங்கள். ஃபயர்வாலையே அணைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அலுவலகத்தில் ஒரு கணினிக்கு வைரஸ் வந்தால் பன்னிரண்டுக்கும் வரும்.

ஐஸ் பிளான்ட் பக்கம்

192.168.2 வரிசை எங்கே இருக்கிறது என்று சர்வருக்குத் தெரிந்திருந்தது, புதிய ரவுட்டருக்குத் தெரியாது. ரவுட்டரில் ஸ்டாட்டிக் ரூட் (கையால் எழுதும் நிலையான வழி) ஒன்று எழுத வேண்டும்: போய்ச் சேருமிடம் 192.168.2.0, மாஸ்க் 255.255.255.0, அடுத்த படி 192.168.1.250. ஐஸ் பிளான்ட் ரவுட்டரின் டீஃபால்ட் ரூட் 192.168.1.10 என்று இருந்தால் அங்கே மாற்ற ஒன்றுமில்லை.

இதையெல்லாம் சரியாகச் செய்தும், ஐஸ் பிளான்ட்டின் டிவிஆருக்கு பிங் போகிறது, அதன் பக்கம் மட்டும் பிரவுசரில் திறக்கவில்லை என்று ஒரு நிலை வரும். காரணம் இதுதான். கணினி அனுப்பும் பாக்கெட் ரவுட்டருக்குப் போய், அங்கிருந்து திரும்பி 250-க்குப் போகிறது. பதில் வரும்போது 250-க்கு நம் கணினி பக்கத்து வீடு, அதனால் ரவுட்டரைத் தொடாமல் நேராகக் கொடுத்துவிடுகிறது. ரவுட்டரின் ஃபயர்வால் பாதிப் பேச்சைத்தான் கேட்கிறது. அடுத்த பாக்கெட் வரும்போது, இடையில் நடந்த பதிலைத் தான் பார்க்கவில்லை என்பதால் செல்லாத இணைப்பு என்று தள்ளிவிடுகிறது. பழைய சர்வர் இப்படிக் கணக்குப் பார்க்காமல் கடத்திக்கொண்டிருந்திருக்கும்.

சரியான தீர்வு, பிரிட்ஜ் கேபிளை சுவிட்சிலிருந்து எடுத்து ரவுட்டரின் தனிப் போர்ட்டில் செருகி, அந்த இணைப்புக்கு 192.168.3 என்று வேறு வரிசை கொடுப்பது. அப்போது ஐஸ் பிளான்ட் ரவுட்டரின் இந்தப் பக்க முகவரி, அதன் டீஃபால்ட் ரூட், நாம் எழுதிய ரூட்டின் அடுத்த படி மூன்றையும் அந்த வரிசைக்கு மாற்ற வேண்டும். போவதும் வருவதும் ரவுட்டர் வழியாகவே ஆகிவிடும். அதற்கு வசதியில்லாத ரவுட்டர் என்றால், ஐஸ் பிளான்ட்டைப் பார்க்க வேண்டிய ஒன்றிரண்டு கணினிகளில் மட்டும் 'ரூட் -பி ஆட் 192.168.2.0 மாஸ்க் 255.255.255.0 192.168.1.250' என்று எழுதிவிடுங்கள். எழுதியதைச் சுவிட்ச் பக்கத்திலேயே ஒரு தாளில் ஒட்டி வையுங்கள். அடுத்து வருகிறவருக்கு அது தெரிய வேண்டும்.

ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய முகவரிகள்

ஃபைல்களை 192.168.1.20 என்ற கணினிக்கு மாற்றிவிட்டீர்கள் என்றால், ஒவ்வொரு கணினியிலும் 'நெட் யூஸ்' மூலம் பழைய டிரைவை நீக்கி, அதே எழுத்தில் புதிய இடத்தை இணையுங்கள். எழுத்து மாறினால் எக்செல் கோப்புகளுக்கு இடையே உள்ள இணைப்புகள் அறுந்துபோகும். பாஸ்வேர்ட் தப்பு என்று திரும்பத் திரும்ப வந்தால் கிரெடென்ஷியல் மேனேஜரில் உள்ள பழைய பதிவை அழியுங்கள். சர்வர் வழியாகப் பகிர்ந்த பிரின்டரை நீக்கிவிட்டு, பிரின்டரின் சொந்த முகவரியில் 9100 போர்ட்டில் நேரடியாகச் சேருங்கள். ஸ்கேன் செய்தால் ஃபோல்டரில் போய் விழும் வசதி இருந்தால் அந்த ஃபோல்டரின் முகவரி பிரின்டரின் மெனுவுக்குள் இருக்கும்.

வருகைப்பதிவு மெஷின் தன் பதிவுகளை எந்த முகவரிக்கு அனுப்புகிறது என்று அதன் மெனுவில் பாருங்கள். கணினியிலிருந்து மெஷினை இழுத்துப் படிக்கும் வகை என்றால் போர்ட் பெரும்பாலும் 4370. நேரத்தையும் சரிபாருங்கள். இத்தனை நாள் சர்வர் நேரம் சொல்லிக்கொண்டிருந்தால் இனி மெஷினும் டிவிஆரும் மெல்லப் பிசகும். தொழிலாளிக்குச் சம்பளம் அந்த நேரத்தை வைத்துத்தான் போடப்படுகிறது.

ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங், டிஎம்இசட் (வெளியிலிருந்து வருவதையெல்லாம் ஒரே முகவரிக்குத் திருப்பிவிடுவது) பக்கங்களில் பழைய சர்வரை நம்பி எதையும் அப்படியே எழுதாதீர்கள். ஓஎன்டியே டயல் செய்யும் இடங்களில் அதற்குள்ளும் ஒரு டிஎம்இசட் வரி மறந்து கிடக்கலாம். அந்த முகவரியை நாளை வேறு ஒரு கணினி வாங்கிவிட்டால், அது இணையத்துக்குக் கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்திருக்கும்.

பழைய முகவரி வேண்டாம் என்று ரவுட்டருக்கு 192.168.1.1 கொடுத்தவர்கள், 10-ஐ யாருக்கும் கொடுக்காமல் ஒரு மாதம் காலியாக விட்டுவையுங்கள். ஒரு கணினியில் நெட்வொர்க்கில் ஓடும் பாக்கெட்டுகளைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளைப் போட்டு, ஃபில்டர் பெட்டியில் ஏஆர்பி (ஒரு ஐபி முகவரிக்கு உரிய மேக் முகவரியைக் கேட்கும் முறை) என்று மட்டும் தட்டிப் பார்த்துக்கொண்டிருங்கள். "192.168.1.10 யாரிடம் இருக்கிறது?" என்று கேட்கும் ஒவ்வொரு வரியிலும் கேட்டது யார் என்ற முகவரியும் இருக்கும். இந்தக் கேள்வி எல்லோருக்கும் கேட்கும்படி போவதால் எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் பிடிக்கலாம். ஒவ்வொருவராகப் போய்த் திருத்திவிட்டு வந்தால் பட்டியல் குறைந்துகொண்டே வரும்.

கழற்றிய சர்வரை உடனே பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரு கோப்பு விட்டுப்போயிற்று என்று யாராவது வருவார்கள். ஆனால் அதை மறுபடி சுவிட்சில் செருகி இயக்கினால் 192.168.1.10 இரண்டு பேருக்கும் சொந்தமாகி, பழைய டிஹெச்சிபியும் எழுந்து, மொத்த அலுவலகமும் நின்றுவிடும். இயக்குவதற்கு முன் நெட்வொர்க் கேபிள் எதுவும் இல்லை என்று பார்த்து, வேண்டிய கோப்பைப் பென் டிரைவில் எடுங்கள். ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வைப்பதானால் ஜிப் பையில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு, மேலே தேதி எழுதி, காற்றுப் படாத அலமாரியில் வையுங்கள்.